ஊட்டிய கை

அந்தக் கிளிக்குஞ்சு பிழைக்க வேண்டும் என்று மங்கையர்க்கரசி நினைத்ததில் இரக்கம் துளியும் கிடையாது.

மாசி மாதம் அது. ஹேவ்லாக் தீவில் அவள் சமையல் வேலை பார்த்த ரிசார்ட்டில் புதிதாக இரண்டு குடில்கள் எழுப்புவதற்காக, கரையோரம் பட்டுப்போய் நின்ற மரத்தை வெட்டினார்கள். மரம் சாய்ந்ததும் அதிலிருந்த பொந்து பிளந்துகொண்டது. தோட்டக்காரர் நிதாய் மண்டல் இரு கைகளையும் குவித்து எதையோ ஏந்திக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தார். இரண்டு குஞ்சுகள். இறகு முளைக்கவில்லை. ரோஸ் நிறத் தோலுக்குள் குடல் தெரிந்தது. உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலையைத் தூக்க முடியாமல் தூக்கி, திறக்காத கண்களோடு வாயை மட்டும் திறந்தன.

மேனேஜர் சந்திரசேகர் பின்னாலேயே வந்தான். "அட, கிளியா! மங்கை, இதைக் கிச்சன்லயே வெச்சு வளத்துடு. அடுத்த சீசனுக்குப் பெருசாயிடும். கெஸ்ட் வந்து இறங்குறாங்க, கையில இளநி, தோள்ல கிளி, ஒரு போட்டோ. எப்படி?"

"சாப், கிளி வளக்கறது மனா ஹை, கூடாது," என்றார் நிதாய். "ஃபாரஸ்ட்வாலா வந்தா புடிப்பான்."

"யாரு போய்ச் சொல்லப் போறா? நீயா?"

நிதாய் சிரித்துவிட்டுக் கோடரியை எடுக்கப் போனார்.

கிளிக்குஞ்சு என்றால் மேரி பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்க வேண்டும். மங்கைக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், அவளும் அதைத்தான் செய்தாள். மறுநாள் காலையில் ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. கழுத்துக்குக் கீழே இரை தங்கும் பை உப்பி, புளித்த மோர் வாடை அடித்தது.

சந்திரசேகர் எட்டிப் பார்த்தான். "ஒண்ணு போனா என்ன? இன்னொண்ணு இருக்குல்ல," என்றான்.

மங்கையின் கையிலிருந்த கரண்டி நின்றது. இதே சொற்களை, இதே குரலில், இதே வாசலில் அவள் கார்த்திகை மாதம் கேட்டிருக்கிறாள். அன்று அவன் பேசியது படகைப் பற்றி.

குணா அவளுடைய தம்பி. ரிசார்ட்டின் டுங்கியை, மோட்டார் பொருத்திய அந்த மரப்படகை, ஓட்டிக்கொண்டிருந்தவன். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். கறுப்பு வேட்டி, வெறுங்கால், ஒருவேளைச் சாப்பாடு. அன்று வானம் அடுப்புக்கரி பூசிய பாத்திரம் மாதிரி இருந்தது. மீன்பிடிக்கிறவர்கள் படகுகளை மணலில் ஏற்றிக் கட்டிவிட்டார்கள். நீல் தீவிலிருந்து வந்த விருந்தாளிகள் அங்கேயே பெட்டிகளை விட்டுவிட்டதாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். சந்திரசேகர் சமையலறை வாசலில் நின்று இரண்டு சுருதியில் விசில் அடித்தான். முதலில் மேலே, பிறகு கீழே. வேலையாட்களை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். குணா சோற்றிலிருந்து கையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"சார், கடல் சரியில்ல. காலைல போறேன்."

"காலை வரைக்கும் கெஸ்ட் உன் வேட்டியையா கட்டிட்டு இருப்பாங்க? போயிட்டு வா சாமி. உன் ஐயப்பன் பாத்துக்குவான்."

குணாவின் உடல் வேறொரு தீவின் கரையில் ஒதுங்கியது. மாலை கழுத்திலேயே இருந்தது. ஹேவ்லாக் ஜெட்டியில் வைத்து விசாரணை நடந்தபோது சந்திரசேகர் இந்தியில் சொன்னான்: நான் போகாதே என்றேன், அவன் குடித்திருந்தான், கேட்கவில்லை, அவன் என் ஆளே இல்லை, கூலிக்கு வந்து போகிறவன். மங்கை தீவில் பிறந்தவள். பள்ளிக்கூடம் போகும் முன்பே இந்தி பேசியவள். அன்று அவள் வாயில் ஒரு இந்திச் சொல்கூட வரவில்லை. "மாலை போட்ட பிள்ளைய்யா, மாலை போட்ட பிள்ளை" என்று தமிழில்தான் கதறினாள். வடக்கேயிருந்து புதிதாக வந்திருந்த அதிகாரிக்கு அது வெறும் அழுகைச் சத்தம். ஜெட்டியில் நின்ற வங்காளிகளும் தெலுங்கர்களும் ராஞ்சிக்காரர்களும் கேட்டது சந்திரசேகரின் இந்தியை. அன்றிலிருந்து குணா, குடித்துவிட்டுக் கடலில் விழுந்தவன் ஆனான். மறுநாளே ரிசார்ட்டுக்கு வேறு படகு வந்தது.

வேலையை விட்டுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் விடவில்லை. வேறு எங்கே போனாலும் அந்த முகத்தைத் தினமும் பார்க்க முடியாது.

செத்த குஞ்சை முருங்கை மரத்தடியில் புதைக்கும்போது நிதாய் மிஞ்சியதைப் பற்றிப் பேசினார். "தீதி, இது ஆளப் பாக்காது, ஹாத்த, கையப் பாக்கும். எந்தக் கை ஊட்டுதோ அதான் அதுக்கு மா. பெரிசாச்சுன்னா அந்தக் கைய விட்டுப் போகாது. எங்க ஊர்ல ஒருத்தன் கிளியத் திருடிட்டு, என்னுது இல்லைன்னு சத்தியம் பண்ணினான். அது பறந்து போய் அவன் தலைல ஒக்காந்துச்சு."

நிதாய் தன் கதைக்குத் தானே சிரித்தார். மங்கை சிரிக்கவில்லை. மண்ணை மூடிவிட்டு எழுந்தபோது அவளுக்குள் எல்லாம் முடிவாகியிருந்தது. ஒருமுறை என் ஆளே இல்லை என்றவன் மறுமுறையும் அதையே சொல்வான். அப்போது பறந்து வந்து அவன் தோளில் உட்கார ஒரு சாட்சி வேண்டும். குணாவுக்குச் சாட்சி இல்லாமல் போனது. இதற்கு இருக்கும்.

அன்று மாலையே ரிசப்ஷனுக்குப் போனாள். "சார், குஞ்சுக்கு நான் ஊட்டினா என்கிட்டதான் ஒட்டும். சமையக்காரி தோள்ல கிளி ஒக்காந்தா எந்த கெஸ்ட் போட்டோ எடுப்பாக?"

சந்திரசேகர் யோசித்தான். அவன் யோசிக்கும்போது மீசையின் ஓரத்தைக் கடிப்பான். "அப்ப நான் ஊட்டணும்ங்கற."

"நீங்க மட்டும்தான் சார். நான் மாவு காய்ச்சித் தாரேன்."

அவன் ஆபீஸ் இணையத்தில் வீடியோக்கள் பார்த்தான். பால் கூடாது என்று அதிலிருந்துதான் இருவருக்கும் தெரிந்தது. கடலைமாவைக் காய்ச்சி, அவித்த முட்டையின் மஞ்சள் கருவும் பழுத்த பப்பாளியும் சேர்த்துக் கூழாக்கினாள். கரையில் பொறுக்கிய கணவாய் மீன் ஓட்டைச் சுரண்டி அதில் ஒரு சிட்டிகை போட்டாள். கூழ் ஆறிவிட்டால் பையில் தங்கிப் புளிக்கும், சூடாக இருந்தால் பையே வெந்து ஓட்டை விழும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. முதல் நாள் சந்திரசேகர் அவசரத்தில் ஊசியில்லாத சிரிஞ்சை ஒரே அழுத்தாக அழுத்த, கூழ் குஞ்சின் மூக்குத் துளை வழியே வந்தது. அது தும்மித் தும்மி நீலம் பாரித்தது. அவன் பதறியதை மங்கை ரசித்துப் பார்த்தாள்.

"அலகோட இடது ஓரத்துல வைங்க சார். வலது பக்கமாப் போகணும். அது விழுங்கட்டும். நீங்க தள்ளாதீங்க."

அவளுக்கும் அது அப்போதுதான் தெரியும். அவன் பார்த்த வீடியோவை அவளும் பின்னால் நின்று பார்த்திருந்தாள்.

செய்தித்தாள் விரித்த பெட்டியில் குஞ்சின் கால்கள் வழுக்கி இரண்டு பக்கமும் அகன்றன. அப்படியே விட்டால் தவளை மாதிரிக் கிடந்துவிடும் என்று துண்டைச் சுருட்டி வளையமாக்கி நடுவில் உட்கார வைத்தார்கள். கதகதப்புக்குக் குண்டு பல்பு போட்டார்கள். கரண்ட் போகும்போதெல்லாம் பீர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி வைத்தார்கள். எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டி இருந்த முக்காலியின் கால்களைத் தண்ணீர் டப்பாக்களில் நிறுத்தினார்கள். எல்லாவற்றையும் மங்கை செய்தாள். சிரிஞ்சை மட்டும் அவன் கையில் கொடுத்துவிட்டு விலகி நின்றாள். ஒருநாள்கூட அதன் தலையைத் தடவவில்லை.

விருந்தாளிகளிடம் இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டிருக்கும்போது சந்திரசேகரின் போனில் அலாரம் அடிக்கும். "ஒன் மினிட் சார்" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்து, சமையலறையை நெருங்கும்போது ஓடுவான். முன்பு ஒரு விசிலுக்கு மற்றவர்களை ஓடவைத்தவன். இப்போது அந்த விசிலைக் குஞ்சுக்கு அடித்தான். அதைக் கேட்டதும் அது கண் திறப்பதற்கு முன்பே வாயைத் திறந்தது.

கண் திறந்த அன்று அவன் குழந்தை மாதிரிக் கத்தினான். "மங்கை, இங்க வா! என்னையே பாக்கறான் பாரு. தலைய ஆட்டுறான். என்னைத் தெரியுது அவனுக்கு!"

"தெரியாம இருக்குமா சார்? கைய மட்டும் மாத்திராதீங்க."

"கேப்டன்னு பேர் வெச்சிருக்கேன். எப்படி?"

படகில்லாத கேப்டன், என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். "நல்லாருக்கு சார்."

முள்முள்ளாக இறகுக் குருத்துகள் வந்த வாரத்தில் சந்திரசேகர் ஆபீஸ் வேலையாகப் போர்ட் பிளேயர் போனான். காலையில் போய் மாலையில் திரும்புவதாகத் திட்டம். அவன் போன பின் காற்று மாறியது. கப்பல்கள் ரத்து. சாயங்காலம் கரண்டும் போயிற்று. குஞ்சு மங்கை நீட்டிய சிரிஞ்சைப் பார்த்துப் பின்வாங்கி, பெட்டியின் மூலையில் தலையைச் செருகிக்கொண்டது. அவள் விலகி நின்றதெல்லாம் வேலை செய்திருந்தது. அவளை அதற்குத் தெரியவில்லை.

போனில் சந்திரசேகர் கெஞ்சினான். "எப்படியாவது குடுத்துடு மங்கை. பாவம், எனக்காகக் காத்துட்டு இருப்பான்." எனக்காக. அந்தச் சொல்லை அவள் வாயில் போட்டு மென்றாள். கார்த்திகையில் அவளும் அப்படித்தான் ஜெட்டியில் ஒருவனுக்காகக் காத்திருந்தாள்.

பசியில் குஞ்சின் குரல் தேய்ந்தது. காலையில் அவன் அவசரமாக ஊட்டிவிட்டுப்போன கூழ் வேறு பையில் கல் மாதிரி இறுகியிருந்தது. மங்கை துவைக்கப் போட்டிருந்த துணிகளில் அவனுடைய சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவன் செண்ட் வாடை, அவன் வியர்வை வாடை. தம்பியைச் சாவுக்கு அனுப்பியவனின் சட்டைக்குள் நின்று, தம்பியைச் சோற்றிலிருந்து எழுப்பிய அதே விசிலை அடித்தாள். முதலில் மேலே, பிறகு கீழே. முதல் முறை உதடு ஒத்துழைக்கவில்லை, வெறும் காற்று வந்தது. இரண்டாம் முறை குஞ்சு மூலையிலிருந்து தலையை வெளியே எடுத்தது. சட்டைக் கைக்குள் புகுந்து முனகியது.

வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பையை விரல் நுனியால் மெதுவாகத் தடவினாள். கட்டி கரைகிற மாதிரித் தோன்றி மறுபடி இறுகியது. மறுபடி தண்ணீர், மறுபடி தடவல். உள்ளங்கையில் அதன் இதயம் மழைத்துளி தகரத்தில் விழுவதுபோல் அடித்தது.

"செத்துத் தொலைஞ்சிராத," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "உனக்கு வேலை இருக்கு."

பொழுது புலரும்போது அது எச்சமிட்டது. பை மெத்தென்று தளர்ந்திருந்தது. அவள் சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டுத் துவைத்தாள். கையை அதற்கும் மேலாகத் தேய்த்துக் கழுவினாள்.

சந்திரசேகர் முதல் கப்பலில் ஓடி வந்தான். ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் புகுந்து பெட்டியின் முன் மண்டியிட்டான். குஞ்சு சிறகு முளைக்காத கைகளை அடித்துக்கொண்டு கத்தியது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள். நல்லது, இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பங்குனியில் உடம்பெல்லாம் பச்சை போர்த்துவிட்டது. மார்பில் மங்கலாகச் சிவப்பு படர்ந்தது. மேசையிலிருந்து நாற்காலிக்குத் தத்தி, பின் சாப்பாட்டுக் கூடத்தின் விட்டத்துக்குப் பறந்தது. பப்பாளியைத் தானே கொத்தினாலும் காலையும் மாலையும் கூழை அவன் கையால் மட்டுமே குடிக்கும். வேறு யார் நீட்டினாலும் விரலைக் கிழிக்கும். அவன் காது மடலை மட்டும் இழுத்து விளையாடும். காதில் இருந்த காயத்தை அவன் விருந்தாளிகளிடம் பதக்கம் மாதிரிக் காட்டினான். வேலையாட்களிடம் கத்துவது குறைந்திருந்தது. மழைக்கறுப்பு கட்டிய ஒருநாள், புதுப் படகுக்காரனிடம் "இன்னைக்கு வேண்டாம், காத்து சரியில்ல" என்றான்.

அதைக் கேட்டபோதுதான் மங்கைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குணாவுக்குக் கிடைக்காத அந்த ஒரு வாக்கியம் இந்தப் புதுப் படகுக்காரனுக்குச் சும்மா கிடைத்துவிட்டது. அன்று மார்க்கெட்டுக்குப் போனவள் மீன் கடைக்குப் பின்னால் நின்று வனத்துறைக்குப் போன் செய்தாள். இந்தியில் பேசினாள். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை.

ரேஞ்சர் ஆவுடையப்பன் இரண்டு ஆட்களோடு காலைக் கப்பலில் வந்தார். திருநெல்வேலிக்காரர். போர்ட் பிளேயரில் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் பாதி ஆயுளைக் கழித்தவர். சாப்பாட்டுக் கூடத்தில் டீ வாங்கிக் குடித்துவிட்டு நிதானமாக அண்ணாந்து பார்த்தார்.

"என்னங்க மேனேஜர் சார், விட்டத்துல பச்சையா என்னமோ இருக்கே. வாழக்காயா?"

சந்திரசேகர் எழுந்து நின்றான். மங்கை கல்லாப் பக்கமாக நின்றாள். சொல், என்று நினைத்தாள். எனக்குத் தெரியாது என்று சொல். சமையல்காரி வளர்ப்பது என்று சொல். அது பறந்து வந்து உன் தோளில் உட்காரட்டும்.

அதற்குள் ஒரு ஆள் வலையை விரித்து வீசினான். கிளி மிரண்டு பறந்து கண்ணாடி ஜன்னலில் மோதியது. விழுந்து, எழுந்து, மறுபடி மோதியது.

"வலை வேண்டாம் சார்!" சந்திரசேகர் பாய்ந்து அந்த ஆளின் கையைப் பிடித்தான். "செத்துருவான். நான் கூப்பிட்டா வருவான். என்னோடதுதான் சார், நான்தான் வளத்தேன், வேற யாருக்கும் சம்பந்தம் இல்ல." விசில் அடித்தான். கிளி தள்ளாடிப் பறந்து வந்து அவன் தோளில் இறங்கி, கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

மங்கைக்கு முதலில் எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவனுக்கு உண்மை பேசத் தெரியும். இத்தனை சுலபமாக, யாரும் நெருக்கிக் கேட்காமலே, ஒரு கிளிக்காக அது அவன் வாயிலிருந்து வந்து விழுந்துவிட்டது. குணாவுக்கு மட்டும் அது வரவில்லை.

"ஒத்துக்கிட்டீங்க, நல்லது," என்றார் ஆவுடையப்பன். "ஆனா கேஸ் கேஸ்தான். பறவைய எடுத்துட்டுப் போவோம்."

"கூழ் குடுக்கணும் சார், இன்னும் கூழை முழுசா விடல. வேற யாருகிட்டயும் குடிக்காது."

ரேஞ்சர் தலையைச் சொறிந்தார். "செத்துப் போச்சுன்னா கேஸ் இன்னும் பெருசாகும். எப்படியும் நீங்க ஆபீசுக்கு வரணும். கூடவே வாங்க. அங்க நம்ம ஆளுக பழகுற வரைக்கும் நீங்களே ஊட்டுங்க."

கூண்டை மங்கைதான் கொண்டு வந்தாள். கதவைத் திறந்து பிடித்தாள். கிளி வேறு யார் கையிலிருந்தும் உள்ளே போகாது, அதனால் அவனே அதை உள்ளே விட வேண்டியிருந்தது. விரலை விடாமல் பிடித்துக்கொண்ட நகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். கதவு மூடிய பின் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"நீதான் சொன்னியா?"

"ஆமா சார்."

"கூடவே இருந்து வளத்தியே மங்கை. ஏன்?"

"குணா யாரோட ஆள் சார்?"

அவன் கூண்டைத் தூக்கிக்கொண்டான்.

ஜெட்டியில் மதியக் கப்பல் நின்றது. கூண்டு ஏற்கெனவே ஏறிவிட்டது. கூழ் நேரம் தாண்டியிருந்ததால் கிளி விடாமல் கத்தியது. குழந்தைகள் கூடி வேடிக்கை பார்த்தன. சந்திரசேகர் பையோடு ஓடி வந்தான். கப்பலில் ஏறும் பலகையின் முன்னால் மங்கை நின்றாள். அவள் இடுப்பில் ஒரு கூடை. அதில் மாவு, சிரிஞ்சு, வெந்நீர் பிளாஸ்க், கணவாய் ஓடு.

"நல்லவேளை, எடுத்துட்டு வந்தியே. குடு."

"சொல்லிட்டு வாங்கிக்கங்க."

"என்ன சொல்ல?"

"அன்னைக்கு இதே ஜெட்டியில நின்னு சொன்னீகள்ல. அதத் திருப்பி எடுத்துக்கங்க."

கப்பல் சங்கு ஊதியது. பலகையின் மறுமுனையில் ஆவுடையப்பன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சந்திரசேகர் குரலைத் தாழ்த்தினான். "நான்தான் அனுப்பினேன். அவன் வேண்டாம்னான். நான்தான் போகச் சொன்னேன். போதுமா?"

"குடிச்சிருந்தானா?"

"இல்ல. மாலை போட்டிருந்தான். குடிக்கல."

அவர்களைச் சுற்றி மூட்டை தூக்குகிறவர்கள் நடந்தபடி இருந்தார்கள். காய்கறிக் கூடைகள் இறங்கின. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"தமிழ்ல எனக்கே தெரியும் சார்," என்றாள் மங்கை. "இந்தியில சொல்லுங்க. சத்தமா."

மேலே கிளி தொண்டை கிழியக் கத்தியது. அவன் அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். "மைனே பேஜா தா. குணா கோ மைனே பேஜா தா. வோ பியா நஹீ தா."

மூட்டை சுமந்து வந்த ஒருவன் நின்றான். டிக்கெட் பார்ப்பவர் தலையைத் திருப்பினார். கரையில் நின்ற நிதாய் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பலகையை இழுக்கக் கயிற்றைப் பிடித்திருந்தவனை ரேஞ்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னொரு தடவை," என்றாள். "கப்பல்ல இருக்கவகளுக்குக் கேக்கல."

அவன் மறுபடி சொன்னான். அவன் குரல் காதில் விழுந்ததும் கிளி இன்னும் உரக்கக் கத்தியது. அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமானால் அவன் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. கத்தினான். கூடையை அவள் இன்னும் நீட்டவில்லை.